இறுதிக் காலத்தில் வாழ்க்கையைக் கேட்டு எழுதித் தரும் சேவை: டிக்னிட்டி தெரபி பற்றிய என் மதிப்புரை

குணமாகாத நோயுடன் இருக்கும் ஒருவரின் அருகில் அமர்ந்து, அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிச் சில கேள்விகளைக் கேட்டு, அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, அதை எழுத்தாக்கி, அவருக்கே படித்துக் காட்டித் திருத்தி, அவர் விரும்பும் மனிதர்களுக்குப் போய்ச் சேரும்படி ஓர் ஆவணமாகக் கையில் கொடுப்பதுதான் டிக்னிட்டி தெரபி, அதாவது கண்ணிய சிகிச்சை, என்னும் சேவை. என்னை வளர்த்த பெரியம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிய நிலையில், அவரைக் கவனித்துவந்த பாலியேட்டிவ் கேர் (வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்பு) பிரிவின் வழியாக இந்தச் சேவை எங்களுக்குக் கிடைத்தது. இப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களில் பலரும் இதை ஏதோ ஆறுதல் பேச்சு என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகவே இதன் நிறைகளையும் குறைகளையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த முறையை வகுத்தவர், கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி மாக்ஸ் சோச்சினோவ். மரணத்தை நெருங்கியவர்களிடம் கண்ணிய உணர்வு எதனால் குலைகிறது என்பதே அவருடைய ஆய்வின் தொடக்கக் கேள்வி. உடல்வலியும் பிறர் உதவியின்றி இயங்க முடியாமையும் மட்டுமே அதற்குக் காரணம் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், தன்னைச் சுற்றியிருப்பவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நோயாளி உணர்வதற்கும் அவருடைய கண்ணிய உணர்வுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை அவர் கண்டார். படுக்கை எண்ணாகவும் நோயின் பெயராகவும் மட்டுமே பார்க்கப்படுகிறவர், தான் ஒரு காலத்தில் யாராக இருந்தோம் என்பதையே இழந்துவிடுகிறார். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம், இனி நம்மால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்னும் எண்ணமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டில் இதை நான் நேரில் பார்த்தேன். பெரியம்மா கடைசி மாதங்களில் வலியைப் பற்றிச் சொன்னதைவிட, தமக்காக நாங்கள் கண்விழிப்பதைப் பற்றித்தான் அதிகம் வருந்தினார்.

கேள்விகள் மிகவும் எளியவை. உங்கள் வாழ்க்கையில் எந்தப் பகுதி அதிகம் நினைவில் நிற்கிறது, எப்போது நீங்கள் முழு உயிர்ப்போடு இருந்ததாக உணர்ந்தீர்கள் என்பதில் தொடங்குகிறது. பிறகு, குடும்பத்தினர் உங்களைப் பற்றி அறிந்துகொள்ளவும் நினைவில் வைத்துக்கொள்ளவும் வேண்டியவை எவை, நீங்கள் ஏற்ற பொறுப்புகளில் முக்கியமானவை எவை, எதைச் செய்ததில் உங்களுக்குப் பெருமை, அன்புக்குரியவர்களிடம் இன்னும் சொல்லாமல் இருப்பது ஏதாவது உண்டா, அவர்களுக்காக என்ன ஆசைப்படுகிறீர்கள், வாழ்க்கையிலிருந்து கற்றதில் எதை விட்டுச்செல்ல விரும்புகிறீர்கள் என்று போகிறது. இவற்றை முன்கூட்டியே நோயாளியிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஒருமுறை பேச்சு ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நீள்கிறது. கேள்விகளைக் காகிதத்தில் பார்த்தபோது, இவற்றை நாங்களே கேட்டிருக்கலாமே, இதற்கு ஒரு வெளியாள் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. வெளியாள் ஏன் வேண்டும் என்பதற்கான விடை பேச்சு நடந்த பிறகே புரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு குறை. பேச வருவதற்கான நேரம் அந்தப் பிரிவின் வசதிப்படி குறிக்கப்பட்டதே தவிர, நோயாளியின் மருந்து நேரத்தைப் பார்த்துக் குறிக்கப்படவில்லை. காலையில் கொடுத்த வலிமருந்தின் வேகம் குறைந்து, அடுத்த வேளைக்கு நேரமாகாத இடைவெளியில் அவர்கள் வந்தார்கள். பெரியம்மா ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சொல்லில் விடை சொல்லி, கட்டில் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் இருந்தார். பேச வந்த ஆலோசகர் அந்தக் கையைக் கவனித்தார். பதிவுக் கருவியை நிறுத்தி, “அம்மா, இன்னிக்கு வேணாம். வலி அடங்கியிருக்கிற நேரமாப் பார்த்து நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு, செவிலியரிடம் மருந்து வேளைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். அவர் நிறுத்தியது நல்ல செயல். ஆனால் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

இது சிறிய நடைமுறைப் பிசகு என்று கடந்துபோகக்கூடியது அன்று. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்னும், இறுதிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரானவர். இறக்கும் மனிதரின் வேதனை உடல், மனம், உறவு, ஆன்மா என்று நான்கு பக்கமும் பின்னிக் கிடப்பது என்பதை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். அதே சாண்டர்ஸ்தான், வலி திரும்பி வந்து நோயாளி கேட்கும்வரை காத்திராமல், வேளை தவறாமல் மார்ஃபினைக் கொடுக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். உடல்வலியைக் கட்டுக்குள் கொண்டுவருவது முதல் வேலை; வாழ்க்கையின் பொருளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்று வெளியே நின்று சொல்கிறவர்கள், நள்ளிரவில் ஒருவர் வலியில் சுருண்டு கிடப்பதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பொருளும் இல்லை, பக்குவமும் இல்லை. மருந்து ஒன்றே வேண்டும். இந்தச் சேவையை ஏற்பவர்கள் மருத்துவரிடம் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

அடுத்த முறை வந்தபோது ஆலோசகர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். நோயாளி விரும்பினால் குடும்பத்தினர் ஒருவர் உடன் இருக்கலாம் என்றாலும், பெரியம்மாவிடம் தனியாகக் கேட்டுவிட்டு அப்படி முடிவுசெய்திருந்தார். என் கருத்தில் அதுவே சரி. நாங்கள் பக்கத்தில் இருந்தால் பெரியம்மா எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசியிருப்பார். எதைச் சொன்னால் நாங்கள் கலங்குவோம் என்று அளந்து அளந்து விட்டிருப்பார். வாழ்நாள் முழுவதும் அவர் எங்களிடம் பேசியது அப்படித்தான். எங்களுக்கும் அவருக்கும் நடுவே இருந்த அன்பே, பல விஷயங்களை அவர் சொல்லாமலும் நாங்கள் கேட்காமலும் இருக்கக் காரணமாகிவிட்டது. அவருக்கு முன்பின் தெரியாத, ஆனால் பொறுமையோடு கேட்கப் பழகிய ஒருவர் எதிரே அமர்ந்தபோது அந்தக் கட்டு அவிழ்ந்தது. வெளியாள் எதற்கு என்னும் என் கேள்விக்கு இதுவே விடை.

ஆவணம் எழுத்தாகிச் சில நாட்களில் திரும்பி வந்தது. அதைப் படித்துக் காட்டும் அமர்வில் என்னையும் இருக்கும்படி பெரியம்மா கேட்டார். இந்தச் சேவையின் உயிர்நாடி அந்த அமர்வுதான் என்று நான் கருதுகிறேன். பேசியது பேசியபடி போய்விடாமல், தான் வாழ்ந்த வாழ்க்கை இன்னொருவர் குரலில், ஒழுங்கான வரிசையில், தன் முன்னே வந்து நிற்பதை அவர் கேட்டார். கண்களை மூடிக்கொண்டு கேட்டார். நடுநடுவே கையை உயர்த்தி நிறுத்தி, “அது அவர் போனதுக்கு முந்தின வருஷம்” என்றும், “இந்த இடத்துல சின்னவன் பேரை விட்டுட்டேன், சேருங்க” என்றும் திருத்தினார். பல மாதங்களாக மருந்தின் அளவு, சோதனைகளின் நாள், படுக்கையின் உயரம் என்று எல்லாவற்றையும் பிறர் முடிவுசெய்ய, தலையசைத்துக்கொண்டிருந்த ஒருவர், அன்று தமக்கு மட்டுமே தெரிந்த ஒன்றின் மீது முழு அதிகாரத்தோடு பேசியதை நான் பார்த்தேன்.

அவர் சொன்னவற்றில் ஒன்றை இங்கே பகிர்கிறேன். பகிரலாம் என்று அவரே சொல்லியிருந்தார். பெரியப்பா இளம்வயதில் இறந்தார். அடுத்து என் அம்மாவும் இறந்தபோது, தங்கையின் பிள்ளைகளான எங்களைப் பெரியம்மா எடுத்து வளர்த்தார். பகலில் ஒரு வேலை, இரவில் தையல் என்று ஓடிய அந்த ஆண்டுகளை நாங்கள் பிள்ளைகள் எப்போதும் அவருடைய இருண்ட காலம் என்றே நினைத்துவந்தோம். அதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தோம். எப்போது முழு உயிர்ப்போடு இருந்தீர்கள் என்னும் கேள்விக்கு அவர் சொன்ன விடை அந்த இரவுகள்தான். தையல் மெஷின் ஓடும் சத்தத்திலேயே நாங்கள் தூங்கிப் பழகிவிட்டோம். தைத்து முடித்து மிதிப்பதை நிறுத்தினால், சத்தம் நின்றதே காரணமாக எங்களில் யாராவது ஒருவர் விழித்துக்கொள்வோம். அதனால் வேலை முடிந்த பிறகும், ஊசியிலிருந்து நூலைக் கழற்றிவிட்டு, துணி இல்லாமலே சற்று நேரம் மெதுவாக மிதித்துக்கொண்டிருந்து, வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவாராம். “அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் யாருக்கும் எதுவும் தைக்கல. புள்ளைங்க தூங்குறதைப் பார்த்துக்கிட்டே சும்மா மிதிப்பேன். உலகத்துலேயே நான்தான் பெரிய ஆளுன்னு இருக்கும்” என்று ஆவணத்தில் இருக்கிறது. அந்தச் சத்தத்தில் தூங்கியவர்களில் நானும் ஒருவர். வெறும் மெஷின் ஓடியது எனக்குத் தெரியாது. இந்தச் சேவை இல்லாதிருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது.

ஆவணத்தின் கடைசிப் பத்தி வந்தபோது பெரியம்மா படிப்பதை நிறுத்தச் சொன்னார். தம் வாழ்க்கை முழுவதையும் பிறருக்காகவே தியாகம் செய்த ஒரு தாயின் கதை இது என்னும் பொருளில், எழுத்தாக்கியவர் தாமாக ஒரு முடிவுரை சேர்த்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சேர்த்திருப்பார். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “இதை எடுத்துடுங்க. நான் எதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கல. இந்தப் புள்ளைங்க எனக்கு வேணும்னு இருந்துச்சு, வச்சுக்கிட்டேன்” என்றார். பத்தி நீக்கப்பட்டது. நோயாளி சொன்னவற்றுள்ளிருந்தே பொருத்தமான ஒரு பகுதியை எடுத்து முடிவாக வைக்க வேண்டும் என்பதே இம்முறையின் நெறி. எழுத்தாக்குபவர் தம் தீர்ப்பைச் சேர்ப்பதற்கு அதில் இடமில்லை. ஆனால் அந்தப் பிழை நேராதிருந்தால், பெரியம்மாவின் அந்த மறுப்பை நாங்கள் கேட்டிருக்க மாட்டோம். அவர் எங்களுக்காகத் துன்பப்பட்டார் என்னும் நினைப்பை ஆளுக்கொரு கடனாக நாங்கள் சுமந்துவந்தோம். அவர் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்தார் என்றுகூடச் சொல்ல முடியாது; அப்படி ஒரு கடன் என்றுமே இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார்.

மொழியைப் பற்றியும் ஒரு குறை உண்டு. பேச்சில் வரும் தடுமாற்றங்களையும் திரும்பச் சொல்லுதலையும் நீக்கி, காலவரிசைப்படுத்தி, தெளிவாகப் படிக்கும்படி செம்மைப்படுத்துவது இம்முறையில் ஒரு கட்டம். பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தொலைவு உள்ள தமிழில் அந்தச் செம்மையாக்கம் அளவுமீறிப் போய்விடுகிறது. முதல் வரைவில் பெரியம்மாவின் வாக்கியங்கள் எல்லாம் இலக்கணச் சுத்தமான உரைநடையாகியிருந்தன. செய்திகள் அவருடையவை, குரல் வேறு யாருடையதோ. அவரும் அதை உணர்ந்து, “இது நான் பேசுன மாதிரி இல்லையே” என்றார். ஆலோசகர் மறுப்பேதும் சொல்லாமல் பதிவை மறுபடி கேட்டு, அவர் சொன்ன வாக்கியங்களில் பலவற்றைப் பேச்சு நடையிலேயே திரும்ப வைத்தார். ஆவணத்திலிருந்து மேலே நான் கொடுத்த தையல் மெஷின் மேற்கோள் அப்படித் திரும்பி வந்ததே. இந்தச் சேவையைத் தமிழில் வழங்குகிற எவரும், எழுத்து நடைக்கு மாற்றுவதை வழக்கமாகக் கொள்ளாமல், நோயாளியிடம் கேட்டுச் செய்ய வேண்டும். பின்னாளில் அந்தத் தாள்களைப் பிரித்துப் படிக்கிற பிள்ளை தேடுவது தகவலை அன்று, அந்த வாயிலிருந்து வந்த பேச்சை.

படித்துக் காட்டுவதன் நடுவில் ஆலோசகர் என்னைச் சற்று வெளியே இருக்கச் சொன்ன ஒரு நேரமும் வந்தது. திரும்பி வந்தபோது சில பக்கங்கள் நீக்கப்பட்டிருந்தன. சொல்லாமல் இருப்பது ஏதாவது உண்டா என்னும் கேள்விக்குப் பெரியம்மா ஏதோ சொல்லியிருக்கிறார். சொன்னது யாரையாவது புண்படுத்தக்கூடும் என்று ஆலோசகருக்குத் தோன்றியிருக்கிறது. அதை வைப்பதா வேண்டாமா என்று அவரிடமே தனியாகக் கேட்டிருக்கிறார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. இந்த ஒரு செயலுக்காகவே ஆலோசகரின் பயிற்சியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒருவர் தம் மனத்திலிருந்து இறக்கி வைக்க விரும்புவதும், பிறர் கையில் கொடுக்க விரும்புவதும் ஒன்றல்ல. இறந்தவரின் எழுத்துக்கு மறுமொழி சொல்ல முடியாது. அதில் ஒரு கடுஞ்சொல் இருந்தால், அதைப் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் அதனோடு இருக்க வேண்டும். இதை உணராமல், சொன்னதையெல்லாம் அச்சிட்டுக் கொடுக்கும் சேவையாக இருந்தால் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தச் சேவையால் உண்மையில் என்ன நன்மை என்பதற்கு ஆய்வுகள் சொல்வதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சோச்சினோவும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட முதல் ஆய்வில் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த 100 நோயாளிகள் பங்கேற்றனர். அவர்களில் 91 விழுக்காட்டினர் மனநிறைவு தெரிவித்தனர். 76 விழுக்காட்டினர் தம் கண்ணிய உணர்வு கூடியதாகவும், 67 விழுக்காட்டினர் வாழ்வின் பொருள் பற்றிய உணர்வு கூடியதாகவும் கூறினர். தம் குடும்பத்துக்கு இது உதவியது அல்லது உதவும் என்று 81 விழுக்காட்டினர் கருதினர். இந்த எண்களை மட்டும் விளம்பரம்போல் எடுத்துக்காட்டுவது சரியன்று. ஏனெனில் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் செய்த ஆய்வு அது. 2011இல் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 441 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய பெரிய ஆய்வில், மனத்துயரை அளக்கும் அளவீடுகளில் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் தமக்கு உதவியாக இருந்தது, கண்ணிய உணர்வைக் கூட்டியது, குடும்பத்தினர் தம்மைப் பார்க்கும் விதத்தை மாற்றியது என்று சொன்னவர்கள் டிக்னிட்டி தெரபி பெற்ற குழுவில் மற்ற இரு குழுக்களைவிடத் தெளிவாகவே அதிகம்.

எங்கள் அனுபவமும் இந்த இரண்டாம் ஆய்வோடுதான் ஒத்துப்போகிறது. பெரியம்மாவின் சோர்வு போகவில்லை. சில இரவுகளில் அச்சமும் போகவில்லை. ஆழ்ந்த மனச்சோர்வுக்கு இதை மருந்தாக நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அதற்கு மனநல மருத்துவரின் கவனிப்பு தனியாக வேண்டும். மாறியது வேறொன்று. அந்தத் தாள்கள் தலையணைக்கு அடியில் வந்த பிறகு, நாங்கள் கண்விழிப்பதற்காக அவர் வருந்துவது குறைந்தது. தம்மிடமிருந்தும் எங்களுக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்தாயிற்று என்னும் நிம்மதி என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன். எரிக் எரிக்சன் என்னும் உளவியலாளர், அடுத்த தலைமுறையைப் பேணி அதற்குத் தன்னிடமுள்ளதைக் கொடுத்துச்செல்லும் நாட்டத்தை மனித வளர்ச்சியின் ஒரு கட்டமாகவே விளக்கினார். சோச்சினோவின் முறைக்கு அடித்தளமான கருத்துகளில் அதுவும் ஒன்று.

இதே நோக்கத்துக்கு வேறு வழிகளும் உண்டு. வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு, பெற்றோரையும் சகோதரரையும் மனைவியையும் இழந்து, 1945இல் விடுதலையானவர். செய்யும் செயலிலும், அன்பு முதலான அனுபவத்திலும், தவிர்க்கவே முடியாத துன்பத்தின் முன் நாம் எடுக்கும் நிலைப்பாட்டிலும் வாழ்வின் பொருளைக் காண முடியும் என்றார். துன்பம் இருந்தால்தான் பொருள் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்ப்பதே முறை என்றும் தெளிவாகச் சொன்னார். அவருடைய கருத்துகளை அடிப்படையாகக் கொண்டு, நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் வில்லியம் பிரைட்பார்ட் என்னும் மனநல மருத்துவர் வகுத்த முறை, குழுவாக எட்டு அமர்வுகளும் தனியாளுக்கு ஏழு அமர்வுகளும் கொண்டது. நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்கும், உட்கார்ந்து விவாதிக்கத் தெம்புள்ளவருக்கும் அது பொருந்தும். வாரக்கணக்கில் அமர்வுகளுக்கு வர முடியாத நிலையில் இருப்பவருக்கு, ஓரிரு அமர்வுகளில் முடிந்து கையில் ஓர் ஆவணத்தையும் தருகிற டிக்னிட்டி தெரபியே ஏற்றது.

கேள்விகள் அச்சிட்ட நினைவுக் குறிப்பேடுகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவை நன்றாக இருப்பவர்களுக்கானவை. பேனா பிடிக்க முடியாத கைக்கு அவை பயன்படா. தன் கதை யாருக்கு வேண்டும் என்று நினைக்கும் ஒருவர் வெற்றுத் தாளின் முன் மேலும் ஒடுங்கிப்போவார்.

யாருக்கு இந்தச் சேவை வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மயக்கமும் மனக்குழப்பமும் வந்துவிட்டவரிடம் இதைச் செய்யக்கூடாது. தாம் சொன்னதைத் தாமே சரிபார்க்க முடியாத நிலையில் எழுதும் ஆவணம் அவருடையதாகாது. ஆகவே கடைசி நாட்கள்வரை காத்திருப்பது தவறு. பேச விருப்பமில்லாதவரையும் வற்புறுத்தக்கூடாது. பேசாமல் இருப்பதையே தம் கண்ணியமாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். எதைச் செய்ததில் பெருமை என்னும் கேள்விக்குப் பெரியம்மா விடை சொல்லவே இல்லை; வெறுமனே சிரித்ததாக ஆலோசகர் பிறகு சொன்னார். அவர் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். படிவத்தை நிரப்புவதுபோல் எல்லாக் கேள்விகளுக்கும் விடை வாங்கியே தீர வேண்டும் என்று நினைப்பவரின் கையில் இந்தச் சேவை கெட்டுவிடும்.

இன்னொன்றையும் குடும்பங்கள் முன்பே யோசிக்க வேண்டும். ஆவணம் யாருக்கு என்பதை நோயாளி பெயர் சொல்லிக் குறிக்கிறார். பெயர் விட்டுப்போன ஒருவர் இருந்தால், இழப்பின் மேல் அது இன்னொரு காயமாகிவிடும். பெரியம்மா தாமே நினைவுகூர்ந்து சேர்த்ததால் நாங்கள் தப்பினோம். பெயர்ப் பட்டியலைத் தனியாக ஒருமுறை சரிபார்க்கும் வழக்கம் அந்தப் பிரிவில் இருந்திருக்க வேண்டும்; இல்லை.

இத்தனை குறைகளுக்குப் பிறகும், மீண்டும் ஒருமுறை முடிவெடுக்க வேண்டியிருந்தால் தயங்காமல் இதையே ஏற்பேன். இன்னும் முன்னதாக ஏற்பேன். ஏற்க நினைப்பவர்கள் தொடங்குவதற்கு முன்பே சேவை தருபவரிடம் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பேச வருபவருக்கு இந்த முறையில் பயிற்சி உண்டா, எழுத்தாக்குவது அவரேதானா அல்லது வேறொருவரா, படித்துக் காட்டாமல் ஆவணத்தை இறுதியாக்குவார்களா, நீக்கப்பட்ட பகுதிகள் எங்கேயாவது எஞ்சியிருக்குமா. முக்கியமாக ஒலிப்பதிவைப் பற்றிக் கேளுங்கள். ஆவணம் தயாரானதும் பதிவை அழித்துவிடுவது எங்களுக்குச் சேவை தந்த பிரிவின் வழக்கம். நோயாளி ஒப்பினால் ஒரு பிரதி தருவார்களாம். ஆனால் அதை அவர்களாகச் சொல்வதில்லை. நீக்கச் சொன்ன பகுதியை வெட்டிவிட்டு மீதியைத் தரும்படி பெரியம்மாவே கேட்டதால்தான் அவர் குரல் எங்களிடம் இருக்கிறது.